கேட்டுக்கு வெளியே அறுநூறு மீட்டர்: கல்லூரிப் பாதுகாப்புக்கு எந்த வழி?

“மேடம், பாதுகாப்புக்குன்னு இந்த வருஷம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்காங்க. கேமரா போடலாமா, செக்யூரிட்டி ஆளைக் கூட்டலாமா, இல்லை பசங்களை வைத்தே ஒரு குழு போடலாமா? நீங்க ஊர்க்காரங்களைச் சேர்த்து ஏதோ பண்றீங்களாமே, அது சரிப்பட்டு வருமா?”

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்கிறார்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், ஒருமுறை ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முதல்வரே கேட்டார். நான் சேலத்தில் ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். நாலு வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்ததால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. போனில் ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

## முதலில் ஒரு சாயங்காலம்

எங்கள் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் அறுநூறு மீட்டர் இருக்கும். ஒரு பக்கம் எங்கள் காம்பவுண்டுச் சுவர். எதிர்ப்பக்கம் முள் வளர்ந்த காலி மனைகள், மூடிப்போன ஓர் அரிசி மில், அதைத் தாண்டி ஒரு விசைத்தறிக் கொட்டகை. தறி ஓடும் நேரத்தில் அங்கே கத்தினாலும் யார் காதிலும் விழாது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள், ஆறே முக்கால் மணி. முதலாண்டு மாணவி ஒருத்தி லைப்ரரியிலிருந்து கிளம்பித் தனியாக நடந்திருக்கிறாள். பைக்கில் இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து, ஏதேதோ கேட்டபடி கூடவே வந்திருக்கிறார்கள். எங்கள் காவலாளி கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் நான் கேட்டபோது, “கேட்டுக்கு வெளிய எனக்கு ட்யூட்டி இல்லைங்க மேடம், அப்படித்தான் சொல்லியிருக்காங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது.

அவளைக் காப்பாற்றியது பாதி வழியில் தட்டுவடை செட் என்ற எங்கள் ஊர்த் தின்பண்டத்துக்குத் தள்ளுவண்டி போட்டிருக்கும் அக்கா. பீட்ரூட் துருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே, நாலு வருஷப் பழக்கம் போலச் சத்தமாக, “ஏங்கண்ணு இவ்வளவு நேரம்? இங்க வந்து உக்காரு, செட்டு போடறேன்” என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்கு முன் அந்தப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. பைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்றது, அப்புறம் போய்விட்டது.

மறுநாள் கேமராப் பதிவை நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஹெட்லைட் வெளிச்சத்தில் திரை வெளுத்துக் கிடந்தது. நம்பர் பிளேட் தெரியவில்லை. லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை காற்றில் ஆடியது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை துணியால் துடைக்க ஆள் வேண்டும் என்று கேமராவை விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒவ்வொரு யோசனையையும் நான் ஆறு கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன்.

1. எதுவரை எட்டும்? வகுப்பறை, கேட், பஸ் ஸ்டாப் வரையிலான நடை, வாடகை அறை இருக்கும் தெரு, இவற்றில் எதுவரை?
2. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை அது விழித்திருக்குமா?
3. நடந்ததைப் பதிவு செய்யுமா, நடக்கும்போதே ஆள் வந்து நிற்குமா?
4. பாதிக்கப்பட்டவள் அதனிடம் வாய் திறப்பாளா?
5. பொறுப்பாளர் மாறினாலும் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருக்குமா?
6. பாதுகாப்பு என்ற பேரில் பெண்களையே பூட்டி வைக்குமா?

ஆறாவதைப் பலர் கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதியில் ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்களுக்குப் போடக் கூடாது. வளாகப் பாதுகாப்பு என்பது கண்காணிப்பாகவும் நடமாட்டத்தைக் குறுக்குவதாகவும் மாறக் கூடாது. “ஆறு மணிக்கு மேல் லைப்ரரியில் பெண்கள் இருக்க வேண்டாம்” என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னபோது இந்த விதியைத்தான் எடுத்துப் படித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவும் ராகிங் தடுப்புக் குழுவும் இந்த ஒப்பீட்டில் வராது. அவை சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவை. வளாகத்துக்குள் நடக்கும் தொல்லையில் எதிராளி பெரும்பாலும் தெரிந்த ஆள்தான்: சீனியர், உடன் படிப்பவன், சில சமயம் ஆசிரியர். அதற்குக் கேமராவும் தட்டுவடை அக்காவும் என்ன செய்ய முடியும்? அந்தக் குழு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே உள்ள எதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

## வழி ஒன்று: காவலாளியும் கேமராவும்

ஆட்சிக்குழுவுக்குப் பிடித்த வழி இது. ரசீது கிடைக்கும், படம் எடுத்துக் கல்லூரி ஆண்டு மலரில் போடலாம், ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டலாம். கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விடுதி வாசல், ஆய்வகம், வண்டி நிறுத்துமிடம், பின்பக்க மதில், இங்கெல்லாம் இதற்கு மாற்று இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு விடுதி வாசலில் ஊர்க்காரர் யாரும் வந்து நிற்க மாட்டார்.

செலவுக் கணக்கில்தான் ஏமாறுகிறோம். ‘ஓர் ஆள் போட்டாச்சு’ என்பார்கள். ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டுமென்றால் எட்டு மணி நேர ஷிப்ட் வாரத்துக்கு 21 வரும். வார விடுமுறை போக ஒருவர் ஆறு ஷிப்ட் பார்ப்பார். ஆக மூன்றரை ஆள், அதாவது நாலு பேர் வேண்டும். இரண்டு பேரை வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால், ராத்திரி இரண்டு மணிக்கு நாற்காலியில் தூங்குகிறவரைத் திட்டிப் பயனில்லை. சம்பளத்துக்கு மேல் வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், இஎஸ்ஐ-க்கு 3.25 சதவீதம், ஏஜென்சியின் கமிஷன், எல்லாம் சேர்த்த பில் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மேல்நிலைப் பள்ளி வரைக்கும் அந்த வரியில் விலக்கு உண்டு, கல்லூரிக்குக் கிடையாது. இதைக் கேட்டு எங்கள் நிதி அலுவலர் ஒரு நிமிஷம் பேசவில்லை. 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி ஏஜென்சிக்கு உரிமம் வேண்டும். குறைந்த விலை சொல்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

கேமராவில் மறைந்திருக்கும் செலவு சேமிப்பு. வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும் ஒரு சாதாரண கேமரா ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். 16 கேமராவுக்கு 30 நாள் என்றால் 10 டெராபைட் தாண்டும். வாங்கிய பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் அதில் கால்வாசி கூட இல்லையென்றால், ஒரு வாரத்துக்கு முந்தையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஒரு மாணவி யோசித்து, பயந்து, தோழியிடம் அழுது, நம்மிடம் வர இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் பதிவு போயிருக்கும்.

## வழி இரண்டு: மாணவர் தன்னார்வக் குழு

செலவே இல்லை என்று நினைத்து இதைத் தொடங்குகிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள், தேசிய மாணவர் படை இருக்கிறது. வளாகத்தில் எந்தப் படிக்கட்டின் கீழ் யார் நிற்பார்கள், எந்த வாடகை விடுதியின் மாடிக்கு எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், இதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். நாலாவது கேள்வியில் நூற்றுக்கு நூறு இவர்களுக்கே: முதலாண்டுப் பெண் தன் கதையை முதலில் சொல்வது மூன்றாமாண்டு அக்காவிடம்தான்.

ஆனால் கையில் பட்டை கட்டியதும் சிலருக்குத் தலை கனத்துவிடுகிறது. இரண்டாவது வாரமே ஒரு தன்னார்வலர், புளியமரத்தடியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பையனையும் பெண்ணையும் நிறுத்தி ஐடி கார்டு கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார், அப்புறம் அப்பா பேர் கேட்டார். அப்பா பேர் எதற்கென்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்றைக்கே பட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ரோந்து போகிற வேலை மாணவருடையது அல்ல. இரவில் அவர்களுக்கு அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

இப்போது அவர்களுக்கு மூன்று வேலை மட்டும். சேர்ந்து நடப்பது: ஆறு மணி, ஏழு மணி என்று நேரம் வைத்துக் கேட்டில் கூடிக் கூட்டமாக பஸ் ஸ்டாப் போவது. வருஷத் தொடக்கத்தில் புதியவர்களுக்கு வழியும் போன் நம்பர்களும் சொல்லிக்கொடுப்பது. அப்புறம் கீழே சொல்லப்போகிற பாதுகாப்பு நடையில் பேனா பிடிப்பது. செமஸ்டர் தேர்வு மாதத்தில் இந்த மூன்றுமே படுத்துவிடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி மூன்று: அக்கம்பக்கத்தாரோடு கூட்டு

எனக்கு நம்பிக்கை உள்ள வழி இது. அதனால்தான் இதன் ஓட்டைகளையும் அதிகமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

எங்கள் அறுநூறு மீட்டரில் தினமும் இருப்பவர்களை ஒரு நாள் எழுதிப் பார்த்தோம். தட்டுவடை அக்கா, ஜெராக்ஸ் கடை, ஆட்டோ ஸ்டாண்டில் ஆறேழு அண்ணன்கள், தறிக் கொட்டகையில் இரவு ஷிப்ட் ஆட்கள், வீட்டு மாடியை மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு குடும்பங்கள், விடிகாலையில் தெரு கூட்ட வரும் தூய்மைப் பணியாளர்கள், கடைசி டவுன் பஸ் நடத்துநர். கல்லூரியில் யாருக்கும் இவர்கள் பேர் தெரியாது. இவர்களுக்கோ எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரை முகம் தெரியும்.

முதல் கூட்டத்தைக் கல்லூரி அரங்கில் வைத்துத் தப்பு செய்தேன். வந்தவர்கள் கைகட்டி நின்று ‘சரிங்க மேடம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்ததை ஆட்டோ ஸ்டாண்டில் வைத்தோம், இரவு ஏழு மணிக்கு, நின்றபடியே. அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. “அந்த டியோ பைக்கு செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் வருதுங்க, ஸ்பெஷல் கிளாஸ் அன்னிக்கு” என்று ஓர் ஆட்டோக்கார அண்ணன் சொன்னார். எங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல்.

அதற்கடுத்த வேலை பாதுகாப்பு நடை. இருட்டிய பிறகு பத்துப் பதினைந்து பேர், அதில் பாதிக்கு மேல் மாணவிகள், கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்து, எங்கே வயிறு பிசைகிறதோ அங்கே நின்று ஏன் என்று எழுதுவது. பதினோரு விளக்குக் கம்பத்தில் நாலு எரியவில்லை. ஒன்று எரிந்தது, ஆனால் புங்கமரக் கிளைக்குள். பஸ், ஸ்டாப்பில் நிற்காமல் நூறடி தள்ளி இருட்டில் போய் நிற்கிறது. ஆண் ஆசிரியர் ஒருவர் “இந்த இடம் நல்லாத்தானே இருக்கு” என்ற இடத்தில் ஐந்து மாணவிகள் நடையை வேகமாக்கினார்கள். மில் சுவரில் ஒரு சந்து. பகலில் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

விளக்கு விஷயத்தில் ஒரு சூட்சுமம். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது. எங்கள் ரோட்டில் முதல் பாதி மாநகராட்சி, மறு பாதி ஊராட்சி, பஸ் ஸ்டாப் இருக்கும் சர்வீஸ் ரோடு தேசிய நெடுஞ்சாலை. ‘விளக்கு எரியவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் மூன்று அலுவலகம் சுற்றும். கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணோடு, எது யாருடையது என்று பிரித்து எழுதுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபை நல்ல வாசல்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்லூரியின் கோரிக்கையாகப் போனால் மனு, ஊர்க்காரர் ஒருவர் எழுந்து கேட்டால் தீர்மானம். எங்களுக்காக எழுந்தது மாடி வாடகைக்கு விட்ட அம்மா. அவர் பேத்தியும் அந்த வழியில்தான் டியூஷன் போகிறாள்.

இனி ஓட்டைகள்.

முதலாவது, ஊர்க்கண் பாதுகாப்புக் கண்ணாகவே நிற்காது. எந்தப் பெண் யாரோடு நின்றாள் என்ற செய்தி வீட்டுக்குப் போகும், அதற்கு மேலும் போகும். 2015-இல் ஓமலூரைச் சேர்ந்த ஒரு பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் அதை ஆணவக் கொலையாகவே பார்த்து ஆயுள் தண்டனைகள் விதித்தது. நம் பிள்ளைகள் அந்த ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். அதனால் எங்கள் கூட்டில் ஒரு விதி, முதல் நாளிலிருந்து: தொல்லை கொடுத்தவன் என்ன செய்தான், வண்டி எண் என்ன, இவ்வளவுதான் செய்தி. பெண்ணின் பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், யாரோடு இருந்தாள் என்பது வேண்டவே வேண்டாம். செய்தி வருவது கல்லூரியில் ஒரே ஓர் ஆசிரியையின் போனுக்கு. வாட்ஸ்அப் குழு கிடையாது. குழு தொடங்கலாம் என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மூன்று பேருக்கும் மாட்டேன் என்றேன்.

இரண்டாவது, அக்கம்பக்கம் என்றால் நல்லவர்கள் மட்டும் இல்லை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2025 ஜூனில் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை பெற்றவர், வளாகத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் பிரியாணி விற்றவர்தான். கூட்டில் சேர்ந்த யாருக்கும் அடையாள அட்டையோ வளாகத்துக்குள் வரும் சலுகையோ கொடுக்காதீர்கள். அவர்கள் இருக்க வேண்டிய இடம் ரோடு.

மூன்றாவது, எதுவும் சும்மா வராது. ஆட்டோ ஸ்டாண்டு கேட்டுக்கு அருகில் இடம் கேட்கும். வாடகை வீட்டுக்காரர் தன் வீட்டைக் கல்லூரி சிபாரிசு செய்ய வேண்டும் என்பார். உள்ளூர் அரசியல்வாதி விளக்குப் போட்டால் கூடவே ஒரு பிளெக்ஸ் வரும். இதில் எதற்குச் சரி சொல்வது என்று கல்லூரி முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் கோரிக்கையை மறுத்த அன்றே கூட்டு கலைந்துவிடும்.

## வழி நான்கு: போலீஸ் வழியாக

கோவை மாநகரக் காவல்துறை 2022-இல் ‘போலீஸ் அக்கா’ என்று ஒன்றைத் தொடங்கியது: ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர், மாணவிகள் நேரடியாகப் பேசலாம். நல்ல யோசனை. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில், எங்கள் கல்லூரிக்கு அப்படி ஒருவரைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘காவல் உதவி’ செயலி இருக்கிறது, 112 இருக்கிறது, பெண்களுக்கு 181 இருக்கிறது. நம்பர்களைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று அதைக் குறித்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை.

எல்லை எது என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்களோ என்று பயப்பட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம். பின்தொடர்வது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் தனிக் குற்றம். சேலத்தில் மாநகரக் காவலும் மாவட்டக் காவலும் உரசும் விளிம்பில் இருக்கும் கல்லூரிகளுக்கு இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு பணத்தில் இல்லை. “போலீஸ்னு போனா வீட்டுக்குத் தெரிஞ்சுடும் மேடம், படிப்பை நிறுத்திடுவாங்க.” நாலு வருஷத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் இது. அப்படிச் சொல்லும் பெண்ணுக்குப் பைக்கில் வந்தவனைவிட அப்பாதான் பெரிய பயம். அதனால் இந்த வழி தனியாக நிற்காது, முன்னால் ஒரு மனுஷி வேண்டும். நன்றாகப் பழகிய காவலரும் ஒரு நாள் மாறுதலில் போய்விடுவார், அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

## ஒரு பார்வையில்

| கேள்வி | காவலாளி, கேமரா | மாணவர் குழு | அக்கம்பக்கம் | போலீஸ் |
|---|---|---|---|---|
| எதுவரை எட்டும் | கேட் வரை | வளாகம், பஸ் ஸ்டாப் வரை | ரோடு, வாடகை வீட்டுத் தெரு | எங்கும், கூப்பிட்டால் |
| மாலை 6 முதல் 9 | ஷிப்ட் சரியாக இருந்தால் | தேர்வு மாதம் தவிர | கடை திறந்திருக்கும் வரை | உண்டு |
| உடனே ஆள் | உள்ளே மட்டும் | கூட்டமாக நடந்தால் | ஆம் | தூரத்தைப் பொறுத்து |
| மாணவி பேசுவாளா | இல்லை | ஆம் | சிலரிடம் | தயங்குவாள் |
| மூன்று வருஷம் கழித்து | பணம் இருந்தால் | புது ஆட்கள் வேண்டும் | நட்பு இருந்தால் | மாறுதலைப் பொறுத்து |
| பெண்களைப் பூட்டுமா | பூட்டலாம் | பட்டை கட்டினால் | விதி இல்லாவிட்டால் நிச்சயம் | அவ்வளவாக இல்லை |

## உங்கள் கல்லூரி எந்த ரகம்

சேலத்தின் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி போன்ற நெரிசலான இடத்தில் இருக்கிறீர்களா? ஊர்க்கூட்டுக்கு மெனக்கெடாதீர்கள். கண்கள் ஏற்கனவே போதுமான அளவுக்கு இருக்கின்றன. உங்கள் சிக்கல் பஸ் நெரிசலும் ரோடு தாண்டுவதும். நாலாவது வழியும், சேர்ந்து நடக்கும் வழக்கமும் போதும்.

ஊருக்கு வெளியே, ஹைவேயை ஒட்டி, சுற்றிலும் காலி மனை என்றால் மூன்றாவதுதான் முதலில். ஆனால் அங்கே அக்கம்பக்கமே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அதை உண்டாக்க வேண்டும்: வெளிச்சத்தின் கீழ் இரண்டு தள்ளுவண்டிக்கு இடம் விடுங்கள், ஜெராக்ஸ் கடையை உள்ளே வைக்காமல் மதிலின் வெளிமுகத்தில் வையுங்கள்.

பெரும்பாலோர் விடுதியில் தங்கும் மூடிய வளாகம் என்றால் முதல் வழியில் தாராளமாகச் செலவு செய்யுங்கள், கூடவே உள் புகார்க் குழுவை உலுக்கி எழுப்புங்கள். அங்கே ஆபத்து மதிலுக்கு உள்ளே.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் இருந்தால் அது தனிக் கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, சில வளைவுகளில் போனில் சிக்னல் கிடையாது. செயலியை நம்ப முடியாது. சனி, ஞாயிறு சுற்றுலாக் கார்கள் வரும் நாளில் மலைப்பாதை ஓரம் பஸ்ஸுக்கு நிற்பதே அவர்களுக்குச் சங்கடம். அந்த வழியில் பாதுகாப்பு என்றால் ஓட்டுநரும் நடத்துநரும்தான். கடைசி பஸ்ஸின் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஸ்பெஷல் கிளாஸை அதற்கு முன் முடிப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. எங்கள் கால அட்டவணையில் அதைச் செய்யவே ஒரு வருஷம் ஆயிற்று.

கையில் கொஞ்சம்தான் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் விளக்கு. அடுத்து, மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை கேட்டுக்கு வெளியே நின்று பஸ் ஸ்டாப் வரை நடந்து திரும்பும் ஒரே ஒரு காவலாளி, அந்த வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கி. பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாக ஆட்டோ ஸ்டாண்டில் மாதம் ஒரு டீ. இதற்கெல்லாம் பிறகு பணம் மிஞ்சினால் கேமரா, அதைத் துடைக்க ஒரு துணி.

தட்டுவடை அக்கா எங்களிடம் கேட்டது இரண்டுதான். மழைக்கு ஒரு தார்ப்பாய். அப்புறம், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வருவதற்கு முன்னால் ரோட்டோரக் கடைகளை எடுக்கச் சொல்லிக் கல்லூரி எழுதும் கடிதத்தில் தன் வண்டியைச் சேர்க்காமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு கடிதம் போகிறது என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, விற்பனைச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி ஒரு மாணவியை விட்டுப் படிவம் எழுதிக் கொடுத்தோம். தார்ப்பாயும் வாங்கியாயிற்று. இந்த வருஷக் கடிதத்தின் வரைவு முதல்வர் மேஜையில் கிடக்கிறது. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு என் கையெழுத்தையும் போட்டு வைத்திருக்கிறேன்.